விரலுக்கேற்ற வீக்கம்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவதை நேரில் பார்த்தவர்கள் இன்று நம்மிடையே மிகக் குறைவு. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரியவர்கள் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். குடத்தில் ஆரக்கால்களைச் செருகி, அவற்றைச் சுற்றி வட்டையைப் பூட்டித் தச்சர் தம் வேலையை முடிப்பார். பிறகு கொல்லரின் வேலை தொடங்கும். வட்டையின் சுற்றளவை அளந்து, அதைவிடச் சற்றே குறைவாக இரும்புப் பட்டையை வளைத்து ஒட்டுவார். வறட்டியை அடுக்கித் தீ மூட்டிப் பட்டையைக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைச் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி வட்டையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அளவு மிகுந்தால் பட்டை ஓடும் வழியிலேயே கழன்றுவிடும். குறைந்தால் வட்டை நெரிந்துவிடும். 'கொஞ்சம் அகலமாகப் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்குமே' என்று அந்தக் கொல்லரிடம் யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

இன்று அப்படிச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மரச் சக்கரம் போய் ரப்பர் டயர் வந்ததும், அளவு என்பது ஆசையைப் பொறுத்த விஷயம் என்று நாம் நினைக்கத் தொடங்கிவிட்டோம். அந்த நினைப்பு தவறானது, அதிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொறுத்தவரை ஆபத்தானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

'திண்டுக்கல்லில் ஏதப்பா ஸ்போர்ட்ஸ் கார்?' என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அதன் நெருங்கிய உறவுக்கார வண்டி நம் மாநிலத்திலேயே தயாரானது. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961இல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் காரைக் கட்டத் தொடங்கியது. அது இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் இந்திய வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இரண்டு பேர் அமரும் திறந்த மேனியைப் பூட்டி, 1962இல் ட்ரையம்ஃப் நிறுவனம் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியக் கலைஞர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. இரண்டும் 13 அங்குலச் சக்கரத்தில் ஓடியவை. ஆகவே நம் ஊர்க் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் ஒரு ஹெரால்டுக்கு எழும் டயர்ப் பிரச்சினையும், லண்டனில் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு எழும் பிரச்சினையும் பெரும்பாலும் ஒன்றே.

அப்படி ஒரு ஹெரால்டு நிலக்கோட்டைப் பக்கத்தில் என் மாமா வீட்டில் இருக்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த அதை மாமாவின் மகன் செலவழித்து ஓட வைத்தார். ஸ்பிட்ஃபயரின் படங்களைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஓர் ஆசை. தம் காரும் அதுபோல் தரையோடு ஒட்டி, அகன்ற கால்களோடு நிற்க வேண்டும் என்பதே அது. பழைய ரிம்மிலேயே 175/70 ஆர் 13 டயரை மாட்டப் போவதாகச் சொன்னார். மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. "படிக்கிற பிள்ளை நீ. கணக்குப் போட்டுச் சொல்லுப்பா," என்று என்னைக் கேட்டார்.

நானும் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். அதில் இருந்த பிழையையும் பிறகு சொல்கிறேன்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எண்களை முதலில் புரிந்துகொள்வோம். '175/70 ஆர் 13' என்பதில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 'ஆர்' என்பது ரேடியல் என்னும் அமைப்பு. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் ஆகிய மூன்றும் கலந்து கிடக்கின்றன. பழைய டயர்களில் 5.20-13 என்று மட்டும் இருக்கும். 5.20 என்பது அகலம், அங்குலத்தில். பக்கச் சுவரின் உயரம் அகலத்துக்கு ஏறக்குறைய சமம் என்பது அக்காலத்து எழுதாத வழக்கம். பின்னர் வந்த '155 எஸ்.ஆர். 13' போன்ற ரேடியல்களிலும் உயர விழுக்காடு எழுதப்படவில்லை. அங்கே அது ஏறக்குறைய 80 என்று கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. 155/80 ஆர் 13 டயரின் மொத்த விட்டம், இரு பக்கச் சுவர்களும் ரிம்மும் சேர்த்து, ஏறத்தாழ 578 மி.மீ. மச்சான் கேட்ட 175/70 ஆர் 13 டயரின் விட்டம் 575 மி.மீ. வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்குதான். வேகமானி பொய் சொல்லாது, கியரின் கணக்கும் மாறாது. "மச்சான் சொல்வது சரிதான் மாமா, விட்டம் ஒத்துப்போகிறது," என்று சொல்லிவிட்டேன். மச்சானுக்கு ஒரே மகிழ்ச்சி. "மாப்பிள்ளையே சொல்லிட்டாருப்பா!" என்று அன்றைக்கே டயர் வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்தக் காரில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனார்கள். மாமா, மச்சான், அக்கா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை, போதாததற்குப் பின்பெட்டி நிறையச் சாமான்கள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது வளைவுகளில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பிரேக்கின் வாடை என்று எண்ணிக்கொண்டார்கள். வத்தலக்குண்டு வந்ததும் ஒரு பங்சர் கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரர் வயதானவர். வெளிப்பக்கம் பார்த்தார், ஒன்றுமில்லை. தரையில் படுத்து, பின்சக்கரத்தின் உட்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார். "நூல் தெரியுது தம்பி. இதுலயா பிள்ளையை வச்சுக்கிட்டு மலை எறங்குனீங்க?" என்றார். பாரம் ஏறியபோதெல்லாம் அகன்ற டயரின் உட்பக்கம் தகட்டில் உராய்ந்து உராய்ந்து, ரப்பர் தேய்ந்து, உள்ளிருக்கும் நூல் அடுக்கு வெளியே வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புத்தம் புதியதாகத்தான் இருந்தது. இன்னும் சில வளைவுகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றும் மனம் நடுங்குகிறது. 'சரிதான்' என்று சொன்னவன் நான்தானே!

என் கணக்கில் கூட்டலும் பெருக்கலும் தவறவில்லை. அது பாதிக் கணக்காக இருந்ததுதான் குற்றம். விட்டத்தை மட்டும் பார்த்தேன். பார்க்காமல் விட்டவை மூன்று.

முதலாவது ரிம்மின் அகலம். டயருக்கு ஏற்ற ரிம் வேண்டும். 145 டயருக்கு ஏறக்குறைய 4 அங்குல ரிம்மும், 155 டயருக்கு 4½ அங்குல ரிம்மும் பொருந்தும். தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் ரிம் 3½ அங்குலம்தான். அதில் 175 டயரை மாட்டினால், பெரிய தலையணையைச் சிறிய உறையில் திணித்த கதைதான். டயரின் அடிப்புறம் நெருக்குண்டு, பக்கச் சுவர்கள் பிதுங்கி, தரையில் படும் பகுதி வளைந்து நிற்கும். வளைவில் டயர் ரிம்மின்மேல் அசைந்தாடும். வண்டிக்கு வட்டை எப்படியோ அப்படித்தான் காருக்கு ரிம். வட்டையை மறந்து பட்டை கட்டிய கொல்லர் உண்டா?

இரண்டாவது இடைவெளி. டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் உள்தகட்டுக்கும் இடையே உள்ள இடம். கார் வெறுமனே நிற்கும்போது அதை அளந்து பயனில்லை. ஆட்கள் ஏறி, ஸ்பிரிங் அமுங்கி, ஸ்டீயரிங் முழுதும் திரும்பிய நிலையில் அளக்க வேண்டும். நிற்கும் காரில் ஒரு விரல் நுழையும் இடம், மலைப்பாதையில் பாரத்தோடு போகும்போது இல்லாமலே போய்விடலாம்.

மூன்றாவது, அந்தக் காரின் பின் அச்சு. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் தொடக்கத்தில் இருந்தது ஊசலாடும் அச்சு வகை. ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அரை அச்சோடு சேர்ந்து, நடுவில் உள்ள ஒரு மூட்டிலிருந்து மேலும் கீழும் ஆடும். வேகமான வளைவில் காரின் பின்புறம் எழும்பினால், சக்கரத்தின் அடி உள்நோக்கி மடங்கும். டயரின் பிடி எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகமாக அது காரைத் தூக்கிவிடும். மெலிந்த டயர் முன்கூட்டியே சற்று வழுக்கி ஓட்டுநரை எச்சரித்துவிடும். அகன்ற டயர் கடைசி வரை பிடித்திருந்து, பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். இந்தக் குறையை நீக்கத்தான் 1970இல் வந்த நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங்கின் அமைப்பையே தொழிற்சாலை மாற்றியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை தயாரானது. தொடக்கத்தில் அதன் டயர் 5.20-13, அதாவது ஏறக்குறைய 132 மி.மீ. அகலம். பிறகு 145 ஆயிற்று. 1974இல் வந்த 1500 சி.சி. வண்டியில் 155 ஆயிற்று. பதினெட்டு ஆண்டுகளில் கூடிய அகலம் 23 மில்லிமீட்டர்! அதற்கே ரிம்மை 3½ அங்குலத்திலிருந்து 4½ அங்குலமாக்கி, அச்சின் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. வடிவமைத்த பொறியாளர்கள் பதினெட்டு ஆண்டுகளில் எடுத்து வைத்த அடியை நாம் ஒரு மாலைப் பொழுதில் டயர்க் கடை வாசலில் தாண்டிவிட நினைக்கிறோம்.

'அகன்ற டயர் தரையில் அதிகம் படியுமே, பிடிப்பு கூடுமே' என்று கேட்பவர்கள் உண்டு. இயற்பியல் வகுப்பில் அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று படிக்கிறோம். அதை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். ஸ்பிட்ஃபயரின் எடை ஏறக்குறைய 700 கிலோ. இருவர் ஏறினால் 840 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின்மேல் 210 கிலோ. டயரில் 24 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.7 கிலோ. அப்படியானால் தரையில் படியும் பரப்பு ஏறக்குறைய 124 சதுர செ.மீ. விரல்களோடு சேர்ந்த ஒரு கையின் அளவு. காற்றின் அழுத்தம் மாறாத வரையில் டயரை அகலமாக்கினாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. நீளமாக இருந்த தடம் குறுகி அகலமாகிறது, அவ்வளவே. வறண்ட பந்தயத் தளத்தில் அதனால் சில நன்மைகள் உண்டு. ஐப்பசி மழையில் நத்தம் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதுவே தீமையாகிறது. எடை குறைந்த காரின் அகன்ற டயர் தண்ணீரைக் கிழித்துச் செல்லாமல் அதன்மேல் ஏறி மிதக்கிறது. மெலிந்த டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு தரையைத் தொடுகிறது.

விட்டத்தைப் பொருட்படுத்தாமல் அகலத்தை மட்டும் பார்த்து வாங்குவோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு கணக்கு. 185/60 ஆர் 13 டயரின் விட்டம் 552 மி.மீ. 155/80 டயரைவிட ஏறக்குறைய நூற்றுக்கு நாலரைப் பங்கு குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு 155/80 டயர் சுமார் 550 முறை சுற்றினால், இது 576 முறை சுற்றும். வேகமானி 60 என்று காட்டும்போது உண்மையில் 57தான் போவோம். திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். அதற்குள் எஞ்சினுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சக்கரச் சுற்றுகள் கூடுதல் வேலை. காரின் வயிறும் 13 மி.மீ. தாழ்கிறது. நம் கிராமச் சாலைகளின் வேகத்தடைகளை அறிந்தவர்களுக்கு அந்த 13 மி.மீட்டரின் அருமை தெரியும்.

எதிர்க் கருத்து ஒன்றையும் நேர்மையோடு ஏற்க வேண்டும். 'பழையது என்பதற்காகப் பழைய டயரையே தேடி அலைய வேண்டுமா? இன்றைய ரப்பர் மேலானது அல்லவா?' என்பது அது. ஆம், மேலானதுதான். மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பு, பழைய குறுக்கு நூல் டயரைவிட நீண்ட நாள் உழைக்கிறது, நேராக ஓடுகிறது. எனவே டயரின் வகையை மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முன்னே ரேடியலும் பின்னே பழைய வகையும் கலந்து போடுவது கூடாது. வகை மாறலாம், அளவு தன் வரம்பைத் தாண்டக் கூடாது என்பதே என் துணிபு. அந்த வரம்பு எது? அந்தக் காருக்குத் தொழிற்சாலையே கொடுத்த அளவுகளும், அவற்றுக்கு நேரான இன்றைய அளவுகளும்தான்.

அவ்வாறு தேடினால் நமக்குக் கிடைக்காமல் போவதில்லை. 145/80 ஆர் 13, 155/80 ஆர் 13 ஆகிய அளவுகள் நம் நாட்டுச் சிறு குடும்பக் கார்களில் ஓடுபவை. எம்.ஜி. டி.சி. போன்ற 1940களின் ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டிய 4.50-19 போன்ற அளவுகள்தாம் அரியவை. அவற்றையும் பழைய அச்சில் மீண்டும் வார்த்துத் தரும் நிறுவனங்கள் வெளிநாடுகளில் உள்ளன. மிஷெலின், பிரெல்லி போன்ற பெரிய நிறுவனங்களே பழைய கார்களுக்கென்று பழைய வடிவ டயர்களை இன்றும் செய்கின்றன. உலகம் முழுவதும் அறிவுள்ளவர்கள் பழைய அளவை நாடுகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

அளவு பொருந்தினால் போதுமா என்றால், போதாது. டயரில் அளவை அடுத்து '79 டி' என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிப்பது. 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 79 என்றால் 437 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிப்பது. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240. ஸ்பிட்ஃபயருக்கு எஸ் போதும். மணிக்கு 150 மைல் ஓடும் என்று புகழ்பெற்ற ஜாகுவார் ஈ-டைப்புக்கு எஸ் டயரை மாட்டுவது அறியாமை. ரிம்மில் உட்காருகிற டயரெல்லாம் அந்தக் காருக்கு உரிய டயராகிவிடாது.

கடைசியாக வயது. பழைய கார்கள் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஓடும். டயர் தேய்வதே இல்லை, ஆனால் மூப்படைகிறது. நம் சமவெளியின் சித்திரை வெயிலில் நிற்கும் காரின் டயர் மேலே பளபளக்கும், உள்ளே இறுகி வெடித்திருக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து செய்யப்படும் டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது மிக எளிது. மொட்டை டயரைக் கண்டு அஞ்சுகிற நாம், பூ தேயாத முதிய டயரைக் கண்டும் அஞ்ச வேண்டும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காரின் டயரில் பூவின் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குத் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவை 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. அடிச்சட்டம், மேனி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றாமல் மூல வடிவில் காக்கப்பட்ட வண்டிக்கே அந்தத் தகுதி. மூல வடிவம் என்பதைத் தரையிலிருந்தே தொடங்குவது நல்லது.

'என் கார், என் பணம், என் விருப்பம்' என்று கூறுவோர்க்கு ஒரே பதில்தான் உண்டு. கார் உங்களுடையது, சாலை எல்லோருடையது. சிறுமலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றி வரும் வண்டிக்காரர் உங்கள் டயரின் அழகைக் கேட்கவில்லை. அவர் கேட்பது உங்கள் கார் அதன் பக்கத்திலேயே செல்ல வேண்டும் என்பது மட்டுமே.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டாரும் ஊராரும் 'படித்த பிள்ளை' என்று நம்மிடம் கணக்குக் கேட்கிறார்கள். கேட்பது பழைய காராக இருக்கலாம், அண்ணனின் புல்லட்டாக இருக்கலாம், அப்பாவின் டிராக்டராக இருக்கலாம். விட்டம், அகலம், ரிம், இடைவெளி, சுமை, வேகம், வயது ஆகிய ஏழையும் கேட்டுப் பார்த்த பிறகே விடை சொல்லுங்கள். தெரியாவிட்டால் வண்டியின் கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு 'சரி' என்று சொல்வதுதான் வெட்கம்.

மாமாவின் ஹெரால்டில் இப்போது ரிம்முக்குப் பொருந்திய 145 டயர்கள் ஓடுகின்றன. பார்க்கக் கால்கள் மெலிந்துதான் தெரிகின்றன. முதலில் முகம் சுளித்த மச்சான், இரண்டு முறை மலை ஏறி இறங்கிய பிறகு, "ஸ்டீயரிங் இப்பத்தான் மாப்பிள்ளை கையில பேசுது," என்றார். விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது சக்கரத்துக்கும் பொருந்தும். அதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. வத்தலக்குண்டில் தரையில் படுத்து எழுந்த அந்தப் பெரியவரின் கையிலிருந்த கரியிலிருந்து கற்றேன்.